உனக்காகப் பழக்கிய இடக்கை

என்ரை ராசா,

உன் கலியாணத்தன்று அறுகரிசி போட வந்தவர்களுக்குள் ஒரு பெண், உன் தலையில் அரிசியைத் தூவிவிட்டு, பட்டுச் சால்வைக்கு மேலால் உன் நெஞ்சின் வலப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துச் சிரித்தார். நீ திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். மணவறையில் உன் பக்கத்தில் இருந்த நிரோஜாவும் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பந்தியில், "ஆரம்மா அவ?" என்று கேட்டாய். "என்னட்டை ஒப்பரேசன் செய்த ஒராள். ஆறுதலாச் சொல்லுறன்" என்றேன். அந்த ஆறுதலான நேரம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. விருந்துக்கு மேல் விருந்து, சொந்தக்காரர், படம் பிடிக்கிறவர்கள், பிறகு பெட்டி அடுக்கல். நிரோஜாவுக்கும் விசா வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை நீங்கள் நோர்வேக்குப் போய்விடுவீர்கள். உனக்கும் தெரியும், முகத்துக்கு நேரே சொல்லவேண்டியதை நான் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒப்பரேசன் தியேட்டரில் கதைக்கிற கட்டளைக் குரல்தான் வீட்டிலும் வருகிறது என்று அப்பா சொல்லுவார். ஆகவே எழுதுகிறேன். விமானத்தில் இருந்து வாசி.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வராணி. வல்வெட்டித்துறை. அவரைப் பற்றிச் சொல்ல முதல் உன்னைப் பற்றிச் சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், என் பக்கத்தில் இருந்து நீ கேட்டதில்லை.

நீ ஆண்டு ஒன்று படித்துக்கொண்டிருந்தாய். இருமல் மாறவில்லை என்று உன்னை என்னோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பித்தேன். எடுத்த அண்ணை கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். "டொக்டர், குறை நினைக்காதேங்கோ. படத்தை மாறிப் பிடிச்சிட்டன் போலை. தம்பியை இன்னொருக்கா விடுங்கோ" என்றார். இரண்டாவது முறை பக்க அடையாளத்துக்கு வைக்கிற ஈய எழுத்தை உன் தோளுக்குப் பக்கத்தில் தானே அழுத்தி ஒட்டி, இரண்டு தரம் சரிபார்த்து எடுத்தார். படம் வந்தது. உன் இதயம் வலப்பக்கமாகவே இருந்தது. நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து உன் நெஞ்சின் வலப்பக்கத்தில் வைத்தேன். டிக் டிக்கென்று அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பக்கத்தில் கேட்டது. ஆறு வருடம் உன்னைத் தூக்கி, அணைத்து, காய்ச்சல் பார்த்து, உன் நெஞ்சில் தலை வைத்துப் படுத்தவள் நான். ஒரு டொக்டர். எனக்கே தெரியவில்லை.

பிறகு ஸ்கான் செய்தார்கள். வயிற்றில் பூசிய குளிர்ந்த பசைக்கு நீ கூச்சத்தில் நெளிந்து சிரித்தாய். ஈரல் இடப்பக்கம், பித்தப்பை இடப்பக்கம், மண்ணீரல் வலப்பக்கம், குடல்வால் இடப்பக்கம். கண்ணாடியில் பார்க்கிற ஆளைப்போல உனக்குள் எல்லாம் மறுபக்கமாக இருந்தது. பிள்ளை வைத்தியர், "ஒரு பிழையுமில்லை. எல்லாம் வேலை செய்யுது, இருக்கிற பக்கம்தான் வேறை. இப்பிடிப் பிறக்கிற சில பிள்ளையளுக்கு மூக்கிலையும் நெஞ்சிலையும் விடாமல் சளிக் கரைச்சல் இருக்கும். இவனுக்கு அதுகும் இல்லை, இது சும்மா மழை குளிருக்கு வாற தடிமன் இருமல்தான்" என்று என்னை அனுப்பிவிட்டார். அப்பா வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார். "பிறக்கேக்கையே எதிர்க்கட்சியிலை சேர்ந்திட்டான்" என்றார். நீயும் விட்டாயா? அடுத்த கிழமையே பள்ளிக்கூடத்தில் சேட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு, பெடியளை வரிசையில் விட்டு, ஒவ்வொருத்தனாக உன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கப் பண்ணினாய். ரீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவவாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் பயந்தேன். பிள்ளை நல்ல சுகமாக இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வயிறு வெட்டுகிற டொக்டர் அல்லவா? என் பயம் எல்லாம் வயிற்றைப் பற்றித்தான் வரும். உனக்கு ஒருநாள் குடல்வால் வீங்கினால் இடப்பக்கம் நோகும். ஊர் தெரியாத இடத்தில் ஒரு டொக்டர் வலப்பக்கத்தை அமத்திப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று உன்னை வீட்டுக்கு அனுப்புவார். பித்தப்பையில் கல் வந்தால் அதை எடுக்கிறவர் எல்லாவற்றையும் மறுபக்கமாகச் செய்யவேண்டும். ஆருக்குப் பழக்கம்? எனக்கும் இல்லை.

இதை நீ விளங்கவேண்டும் என்றால் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கமரா விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சையில் வயிற்றைப் பெரிதாக வெட்டுவதில்லை. வாயுவை ஊதி வயிற்றை உப்பவைத்து, தொப்புளடியில் சின்னத் துளை போட்டு அதற்குள்ளால் கமராவை விடுவோம். மற்றத் துளைகளால் நீண்ட மெல்லிய கருவிகளை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வோம். பித்தப்பை எடுப்பதென்றால் நோயாளியின் இடப்பக்கம் நிற்போம். இடக்கை பையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், வலக்கை பிரிக்கும், வெட்டும். ஆளுக்குள் எல்லாம் மறுபக்கம் என்றால் நாங்களும் மற்றப் பக்கம் போய் நிற்கவேண்டும். அப்போது பிடிக்கிற வேலை வலக்கைக்கும் வெட்டுகிற வேலை இடக்கைக்கும் வந்துவிடும். வெட்டக்கூடாத குழாய் ஒன்று அங்கே பக்கத்திலேயே கிடக்கும். பித்தம் ஈரலில் இருந்து குடலுக்குப் போகிற வழி அது. அதைத் தவறி வெட்டினால் அந்த ஆளின் மிச்ச வாழ்க்கை முழுக்க ஆஸ்பத்திரிதான். அந்த இடத்தில் ஒரு வலக்கைக்காரியின் இடக்கையை நம்பி விட ஏலுமா?

ஆகவே என் இடக்கையைப் பழக்கத் தொடங்கினேன். உனக்கு ஞாபகம் இருக்கும், பிஸ்கட் மட்டைப்பெட்டி ஒன்றில் துளை போட்டு, பழைய கொம்பியூட்டர்க் கமராவை உள்ளே கட்டி, பழுதென்று ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட கருவிகளைச் செருகி, ரீவியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பின்னேரங்களில் கறுத்த கொடிமுந்திரிகைக் குலை ஒன்றை வாங்கிவந்து, பழத்தின் சதை கிழியாமல் தோலை மட்டும் இடக்கையால் உரிப்பேன். உரித்தவற்றை நீ எடுத்துச் சாப்பிடுவாய். கிழிந்தவற்றை அப்பா சாப்பிடுவார். முதல் வருடம் அப்பாவுக்குத்தான் நல்ல வேட்டை. பல் தீட்டுவது, வெங்காயம் அரிவது, நூல் முடிச்சுப் போடுவது எல்லாம் இடக்கை. ஒருநாள் நீர்வேலிப் பெரியம்மா வந்திருந்தபோது மறந்துபோய் இடக்கையால் புட்டு எடுத்து அவவின் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுவிட்டேன். அவவின் முகம் போன போக்கை நீ இப்பவும் நடித்துக் காட்டுவாய். "அம்மா சோதினைக்குப் படிக்கிறா" என்று அப்போது நீதான் அவவுக்குச் சொன்னாய். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

அப்பாவுக்கு மட்டும் உண்மை தெரியும். ஒருநாள் அவர் பகிடி விடாமல் கேட்டார். "சொந்தப் பிள்ளையிலை நீ கை வைக்க மாட்டாய். வைக்கவும் விடமாட்டினம். பிறகேன் இந்தப் பாடு?" அது நியாயமான கேள்வி. "நான் செய்யாட்டிலும், செய்யிறவருக்குப் பக்கத்திலை நிண்டு, இல்லை, இந்தப் பக்கத்தாலை போங்கோ எண்டு சொல்ல ஒராள் வேணும்தானே" என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை. முந்திரிகைப்பழம் தானே வாங்கிவரத் தொடங்கினார்.

நீ வளர்ந்தாய், மரம் ஏறினாய், பந்து அடித்தாய், ஒரு நோய்நொடி இல்லாமல் நோர்வேக்கும் போனாய். அங்கே உன் முதல் பனிக்காலத்தில்தான் செல்வராணி என் கிளினிக்குக்கு வந்தார்.

நாற்பது தாண்டிய மனுசி. கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார், ஆனால் ஆள் ஒட்டி உலர்ந்து போயிருந்தார். சாப்பிட்ட பிறகு இடப்பக்க விலாவுக்குக் கீழே நோ எழும்பி முதுகுக்குப் போகுமாம். கன வருடமாக வாய்வு என்று மருந்து குடித்தார். பிறகு இடப்பக்க நோ என்றபடியால் நெஞ்சு வருத்தமாக இருக்கலாம் என்று பயந்து அதற்கு ஓடித் திரிந்தார். பரியாரியின் கசாயமும் குடித்து, கோவிலுக்கு நேர்த்தியும் வைத்து, கடைசியில் சாப்பிடவே பயந்து கஞ்சியோடு நின்றுவிட்டார். ஆரோ ஒரு நல்ல டொக்டர் ஸ்கானுக்கு எழுதிவிட, ஸ்கான் செய்தவர் என்னைத் தேடி வந்து, "மேடம், ஒருக்கா வந்து பாருங்கோ. எனக்கு விசர் பிடிச்சிட்டுதோ எண்டு பாருங்கோ" என்றார். போய்ப் பார்த்தேன். இடப்பக்க ஈரல். அதற்கு அடியில் கற்கள் நிறைந்த பித்தப்பை.

நான் அவரையும் அவருடைய மனுசனையும் இருத்தி, படம் கீறி விளங்கப்படுத்தினேன். மனுசன் கடற்தொழிலாளி, வாசலடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதிரை நுனியில் ஒட்டினாற்போல உட்கார்ந்தார். செல்வராணி கீறிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் பிழையாய்ப் பிறந்தனானோ, டொக்டர்?"

"பிழையில்லை. மறுபக்கமாய்ப் பிறந்திருக்கிறியள். நோகிறது கல்லாலை. ஆருக்கும் வாற கல்லுத்தான்."

"அதை இவருக்குச் சொல்லுங்கோ. இவ்வளவு நாளும் நான் நடிக்கிறனெண்டு இருந்தவர்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார் மனுசன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"சொல்லேல்லை. நினைச்சனீங்கள்."

நான் கொழும்புக்கு அனுப்புகிறேன் என்று கடிதம் எழுதத் தொடங்கினேன். செல்வராணி, "நீங்கள் செய்ய மாட்டியளோ?" என்று கேட்டார். இப்படி ஒன்றை நான் ஒருநாளும் செய்ததில்லை என்றேன். "அங்கை இருக்கிறவர் கனக்கச் செய்தவரோ?" என்றார். கடிதத்தை ஒரு பக்கம் வைத்தேன். அன்றைக்கே எனக்குப் படிப்பித்த பழைய சேரைப் போனில் பிடித்துக் கேட்டேன். அவர் தன் காலம் முழுக்க ஒரேயொரு ஆளுக்குத்தான் செய்திருந்தார், அதுவும் வயிற்றைத் திறந்து. "கமரா விட்டுச் செய்யிறதெண்டால் என்னைவிட நீர்தான் கூட யோசிச்சிருப்பீர்" என்றார். என் மட்டைப்பெட்டியைப் பற்றி அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கமராவால் தொடங்குவேன், ஏலாது என்று கண்டால் வயிற்றைத் திறப்பேன், அதற்காக வெட்கப்பட மாட்டேன். ஆபத்து என்னென்ன, எனக்கு எது தெரியும், எது தெரியாது என்றெல்லாம் சொன்னேன். செல்வராணி கவனமாகக் கேட்டுவிட்டு, "தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுறியள். அப்ப தெரிஞ்சதை வடிவாத் தெரிஞ்சிருப்பியள். நான் உங்கடை மேசையிலையே படுக்கிறன்" என்றார். உன்னைப் பற்றி நான் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கியிருந்தால் என் குரல் உடைந்திருக்கும். குரல் உடைந்த டொக்டரின் மேசையில் ஆர் படுப்பார்கள்?

ஒப்பரேசனுக்கு முதல்நாள் வெறும் கட்டிலை வைத்துக்கொண்டு தியேட்டரில் ஒத்திகை பார்த்தோம். கமரா பிடிக்க வந்தவர் ரமணன், என்னோடு வேலை செய்த இளம் டொக்டர். கருவி எடுத்துத் தருகிற சிஸ்ரர் இந்த வேலையில் தலை நரைத்தவர். திரையை மற்றப் பக்கம் தள்ளினோம், மேசையை மாற்றினோம், துளைகள் எங்கெங்கே வரும் என்று விரிப்பின் மேல் அடையாளம் போட்டோம். அப்படியிருந்தும் மறுநாள் காலையில் கை கழுவிவிட்டு வந்த சிஸ்ரர், பழக்க தோசத்தில் பழைய பக்கம் போய் நின்று மயக்க மருந்து டொக்டரோடு முட்டுப்பட்டார். எல்லோரும் சிரித்தோம். நல்லது, சிரித்தபடியால் எனக்கு மூச்சு வந்தது.

கமரா உள்ளே போனது. திரையில் வெளிச்சம் பரவ, ஈரல் வழக்கமான கரையை விட்டு மறுகரையில், பளபளவென்று, அழகாகக் கிடந்தது. அதற்கு அடியில் வீங்கிய பை. ராசா, அந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. உன் ஆறு வயதில் இருந்து நான் மனக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. மட்டைப்பெட்டிக்குள் முந்திரிகைப்பழத்தை உரிக்கும்போதெல்லாம் நான் பார்த்தது அதைத்தான். திரையில் கிடந்தது நீ. என் பிள்ளையின் உட்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று உடம்பு நம்பிவிட்டது.

"மேடம்? நிப்பாட்டுவமே?" என்று ரமணன் மெல்லக் கேட்டார்.

நான் திரையை விட்டுக் கண்ணை எடுத்து, பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் தெரிந்த நெற்றியைப் பார்த்தேன். "ரமணன், இவவின்ரை பேர் என்ன?"

அவர் திகைத்துப்போனார். "செல்வராணி, மேடம்."

"எந்த ஊர்?"

"வல்வெட்டித்துறை."

"மனுசன் வெளியிலை நிக்கிறாரோ?"

"ஓம் மேடம். விடிய வந்தவர், கதவடி மரவாங்கிலைதான் குந்தியிருக்கிறார்."

அப்போது நான் உன்னை வெளியே அனுப்பினேன். வாயால் அல்ல, மனதால். போய் அந்த மனுசனுக்குப் பக்கத்தில் வாங்கில் இரு, அம்மா வேலை முடித்துவிட்டு வாறன் என்று உனக்குச் சொன்னேன். நீ சின்ன வயதில் இருந்தே சொல்வழி கேட்கிற பிள்ளை. போய்விட்டாய். திரையைத் திரும்பப் பார்த்தபோது அது செல்வராணியின் ஈரலாக, செல்வராணியின் பித்தப்பையாக இருந்தது. கை ஓடத் தொடங்கியது.

இடக்கை தன் வேலையைச் செய்தது. பையின் கழுத்தடியில்தான் கரைச்சல். பல தரம் வீங்கி வீங்கி ஆறிய இடம், எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தது. அந்த இறுக்கத்தில் என் வலக்கை பொறுக்காமல், விடு நான் செய்கிறேன் என்று துடித்தது. ஒரு தரம் விட்டும் பார்த்தேன். கருவிகள் ஒன்றுக்கு மேல் ஒன்று குறுக்கே விழுந்து, இன்னும் மோசமான கோணத்தில் போய் நின்றது. வெளியே எடுத்துவிட்டு மறுபடியும் இடக்கையிடமே கொடுத்தேன். வயிற்றைத் திறப்போமா என்று யோசித்து, கத்தி ஆயத்தமா என்று சிஸ்ரரிடம் கேட்டேன். "எப்பவும் இருக்கு, டொக்டர்" என்றார். அந்தப் பதில் என்னை ஆற்றியது. திறக்கலாம் என்று தெரிந்தபடியால் அவசரம் போய்விட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிரித்தேன். கடைசியில் பைக்குள் போகிற இரண்டு குழல்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன. ஒன்று பித்தம் வருகிற வழி, மற்றது இரத்தம் வருகிற வழி. பழகிய பக்கம் என்றால் அந்த இடத்திலேயே குழலை அடைக்கும் பிடியைப் போட்டு வெட்டியிருப்பேன். அன்றைக்கு என் கண்ணை நான் நம்பவில்லை. "ரமணன், எத்தினை?" என்றேன். "ரெண்டு." "எங்கை போகுது?" "ரெண்டும் பைக்குள்ளை, மேடம்." மயக்க மருந்து டொக்டரையும் எட்டிப் பார்க்கச் சொன்னேன், சிஸ்ரரையும் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் பிடியைப் போட்டேன், பிறகு வெட்டினேன்.

வழக்கத்தைவிட நல்லாய் நேரம் எடுத்தது. பெரிய வெட்டு இல்லாமலே முடிந்தது. வெளியே போய்ச் சொன்னபோது அந்த மனுசன் எழும்பி நின்றார். நன்றி என்றோ கடவுளே என்றோ அவர் சொல்லவில்லை. "அவவுக்குப் பசிக்கும். என்ன குடுக்கலாம், டொக்டர்?" என்று கேட்டார். பயமில்லாமல் செல்வராணி சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று அந்த மனுசனுக்குத் தெரிந்திருந்தது. ஓய்வறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன். அந்த நேரம் பார்த்து நீ நோர்வேயிலிருந்து போன் எடுத்தாய். "அம்மா, புட்டு ஏன் கட்டி கட்டியா வருது?" என்றாய். "சுடுதண்ணியைக் கனக்க விட்டிருப்பாய்" என்றேன். "ஏன் குரல் ஒரு மாதிரி?" என்றாய். "தடிமன்" என்றேன். அந்தத் தடிமன் இதுதான்.

செல்வராணி மறுநாளே கட்டிலில் எழும்பி இருந்துகொண்டு, பொரித்த மீன் எப்போது சாப்பிடலாம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். தையல் பார்க்கக் கிளினிக்குக்கு வந்த நாளில் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"உங்கடை மகனுக்கும் என்னைப்போலையாமே. சிஸ்ரர் சொன்னவ."

"ஓம்."

"அப்ப நல்லதாப் போச்சு. என்னிலை பழகிட்டியள்."

"இல்லை, செல்வராணி. அவனுக்கெண்டு பழகித்தான் உங்களுக்குச் செய்தனான்."

போகும்போது, "தம்பியை எனக்கு ஒருக்காக் காட்டவேணும், டொக்டர்" என்றார். அதனால்தான் உன் கலியாணத்துக்கு முதல் அழைப்பிதழ்களில் ஒன்று வல்வெட்டித்துறைக்குப் போனது. நெஞ்சில் கை வைத்துச் சிரித்தது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? பள்ளிக்கூடத்தில் காது வைத்துக் கேட்ட பெடியளைப்போல அவரும் ஒருக்கால் தொட்டுப் பார்க்க வந்தார்.

நான் உனக்கென்று பழகியது உனக்குத் தேவைப்படவே இல்லை. அதற்காக ஒவ்வொரு வெள்ளியும் கற்பூரம் கொளுத்துகிறேன். ஆனால் தேவைப்பட்டவர்கள் வந்தார்கள். செல்வராணிக்குப் பிறகு தென்மராட்சியில் இருந்து ஒரு பெடியன், இடப்பக்கத்தில் குடல்வால் வீங்கி. இப்போது வேறு ஆஸ்பத்திரிகளில் இருந்தும் போன் வருகிறது, எந்தப் பக்கம் நிற்பது, துளையை எங்கே போடுவது என்று. பிள்ளைக்கென்று ஒருத்தி அடுப்பில் ஏற்றியது ஊருக்கும் போதுமாக இருந்திருக்கிறது. நீ அதை அறியாமல் முந்திரிகைப்பழம் தின்றாய்.

கலியாணம் கட்டிய பிள்ளைக்குப் புத்திமதி சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்தது இந்த வேலைதான், அதில் கண்டதைச் சொல்லுகிறேன். நிரோஜா நோகுது என்றால் நோகுது. எங்கே நோகவேண்டும், எவ்வளவு நோகவேண்டும் என்று நீ அவளுக்குச் சொல்லாதே. செல்வராணியின் மனுசன் கெட்டவர் இல்லை, நல்ல மனுசன். தான் எதிர்பார்த்த பக்கத்தில் நோ இல்லை என்றபடியால் மட்டும் அவர் அதை நம்பவில்லை. அந்த வருடங்களைச் செல்வராணிக்கு இனி ஆர் திருப்பிக் கொடுப்பார்கள்? இன்னொன்று. அவளுக்கு ஒரு துன்பம் வரும்போது நீ பயப்படுவாய், நீ என் பிள்ளைதானே. பயப்படு. ஆனால் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்போது உன் பயத்தை வெளியே வாங்கில் இருத்திவிட்டுப் போ. அது அங்கேயே இருக்கும், எங்கும் ஓடாது. உள்ளே போகும்போது அவளை மட்டும் பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. முதல் வருடம் இரண்டு பேருக்கும் எல்லாம் பக்கம் மாறினது போலத்தான் இருக்கும், யன்னல் பூட்டுவதில் இருந்து உப்புப் போடுவது வரை. உன் கை பழகிய பக்கம்தான் சரி என்று கை சொல்லும். கை சொல்லுவதை எல்லாம் நம்பாதே.

நேற்றுப் பகல் நீ பெட்டி நிறுக்கப் போயிருந்தபோது நிரோஜா குசினிக்குள் வந்தாள். நான் சமைத்துக்கொண்டு நின்றேன். என் கையில் இருந்த கத்தியை வாங்கி, தான் கத்தரிக்காயை அரியத் தொடங்கினாள்.

"மாமி, அங்கை இவருக்கு ஒண்டெண்டால் நான் டொக்டரிட்டை என்ன சொல்லவேணும்?"

சொன்னேன். அவள் அதைத் தனக்குள் ஒருக்கால் இங்கிலிஷில் சொல்லிப் பார்த்தாள். அது போதவில்லை. என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். "இடப்பக்கம் கீழை நோகுதெண்டா?" "குடல்வால்." "இடப்பக்கம் மேலை?" "பித்தப்பை, இல்லாட்டி ஈரல்." "நெஞ்சிலை கருவி வைக்க வந்தினமெண்டா?" "வலப்பக்கம் வைக்கச் சொல்லுவன். அவை கேட்காட்டி அவையின்ரை கையைப் பிடிச்சு வைப்பன்." அரிந்த கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "பிள்ளையளுக்கும் வருமோ, மாமி?" என்றாள். "பெரும்பாலும் வராது. வந்தாலும் பயப்பிட ஒண்டுமில்லை" என்றேன். அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். அந்தச் சொல்லை நான் நம்பித்தான் சொல்லுகிறேனா என்று பார்த்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் அல்லவா, பொய் சொல்லுகிற முகம் தெரியும்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, மேசையடியில் இருந்த கதிரையை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டாள். "சரி மாமி. நீங்கள் இருங்கோ. இனி இவரை நான் பாக்கிறன்" என்றாள்.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்று வந்த பிள்ளை, என் பிள்ளையைத் தான் பார்க்கிறேன் என்கிறாள். பிறகு அவள் அடுப்பைக் குறைத்து, கறியைத் துழாவி, உப்புப் பார்ப்பதைக் கண்டேன். நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். எத்தனை வருடமாக நின்றுகொண்டே இருந்தேன் என்பது அப்போதுதான் என் காலுக்குத் தெரிந்தது.

உன்,
அம்மா